லைட் எரிகிறது, நெட் வரவில்லை: ஈதர்நெட் கேபிள் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நெட் இழுக்கிறது என்றதும் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். அடுத்து இணைப்பு கொடுத்தவர்களுக்குப் புகார். அதற்கும் மசியாவிட்டால் கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே உசத்தியான கேபிள் கொடுங்க" என்கிறோம். கடைக்காரரும் கேட்-7, கேட்-8 என்று கேபிளின் தர எண் அச்சிட்ட ஒன்றை எடுத்து நீட்டுவார். அந்த எண்ணை மாற்றுவதால் தீரும் கோளாறு மிகக் குறைவு. கம்பி செம்புதானா, உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய கம்பி ஜோடிகள் உரிய பின்னில் இருக்கின்றனவா, கிரிம்ப் (பிளக்கைக் கம்பியோடு அழுத்திப் பொருத்திய இடம்) பிடித்திருக்கிறதா, நீளம் எவ்வளவு என்ற நான்கு கேள்விகளில் ஒன்றில்தான் வழக்கமாக விடை இருக்கும். காசை எடுப்பதற்கு முன் அறிகுறியைப் பார்த்துவிடுவோம்.

தொடங்கும் முன்

சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள சிறு கேபிள்) ஒன்று வேண்டும். எட்டு லைட் வரிசையாக எரியும் சாதாரண கேபிள் டெஸ்டரும் ஒரு மல்டிமீட்டரும் வேண்டும். லேப்டாப்பில் யூஎஸ்பி அடாப்டர் வழியாகச் சோதிப்பதாக இருந்தால் அது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) அடாப்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் அடாப்டரை மாட்டிவிட்டுக் கேபிளைத் திட்டிப் பயனில்லை.

ஸ்பீட் டெஸ்டை விட முக்கியமானது லிங்க் வேகம், அதாவது இரண்டு சாதனங்களும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட வேகம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீட்' வரியில் 1000/1000 அல்லது 100/100 என்று காட்டும். லினக்ஸில் எத்டூல் கட்டளை அதையே 'ஸ்பீட்' வரியில் சொல்லும். கீழே வரும் பல சோதனைகளில் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறோம்.

நிற வரிசையையும் ஒருமுறை சொல்லிவிடலாம். ஆர்ஜே-45 பிளக்கின் கிளிப் பின்பக்கம் இருக்க, தங்க நிறப் பின்கள் உங்களைப் பார்க்க, கேபிள் கீழே தொங்கும்படி பிடித்தால் இடது ஓரத்தில் இருப்பது 1-ஆம் பின். டி568பி முறையில் இடமிருந்து வலமாக:

1 வெள்ளை-ஆரஞ்சு, 2 ஆரஞ்சு, 3 வெள்ளை-பச்சை, 4 நீலம், 5 வெள்ளை-நீலம், 6 பச்சை, 7 வெள்ளை-பழுப்பு, 8 பழுப்பு.

டி568ஏ முறையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், மற்றவை அப்படியே. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு அர்த்தமில்லை. இரு முனையிலும் ஒரே முறை இருந்தால் போதும்.

செருகியும் லைட் எரியவில்லை

அதே இரண்டு போர்ட்டையும் நல்ல பேட்ச் கார்டால் இணைத்துப் பாருங்கள். தூரம் அதிகமென்றால் லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்துக்கே கொண்டுபோங்கள். இப்போது எரிந்தால் குற்றவாளி பழைய கேபிள். எரியாவிட்டால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். போர்ட்டுக்கு லைட்டே வைக்காத ரவுட்டர்களும் உண்டு, எனவே கடைசி வார்த்தை லிங்க் வேகத் திரையினுடையது.

கேபிள்தான் என்றால் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். எட்டுக் கம்பியின் செம்பு முனையும் பிளாஸ்டிக்கின் முன்சுவர் வரை வந்து முட்டியிருக்க வேண்டும். ஏதாவது ஒன்று 2 மி.மீ. பின்தங்கியிருந்தாலும் பின்னின் பல் அதைக் கடித்திருக்காது. பின்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கின்றனவா என்பதையும் பக்கவாட்டில் பாருங்கள். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் கிரிம்பிங் டூலில் வைத்து இன்னொரு முறை அழுத்தினாலே சில சமயம் சரியாகிவிடும்.

கேபிளே வேறு வகையாகவும் இருக்கலாம். ரவுட்டரோடு வந்த வெளிர்நீலத் தட்டைக் கேபிள் கன்சோல் கேபிள். அதில் 1-ஆம் பின் மறுமுனையில் 8-க்கும், 2-ஆம் பின் 7-க்கும் போகும். அது ரவுட்டரை அமைப்பதற்கு மட்டுமே, நெட்டுக்கு ஆகாது. டெஸ்டரில் போட்டால் மறுமுனை லைட்டுகள் 8, 7, 6 என்று தலைகீழாக எரியும். தொலைபேசிக் கேபிளின் ஒல்லிப் பிளக்கும் ஆர்ஜே-45 ஓட்டைக்குள் நுழைந்து 'டக்' என்று உட்காரும். அதைத் திணித்தால் போர்ட்டின் ஓரப் பின்கள் வளைந்து, பிறகு நல்ல கேபிளும் பிடிக்காமல் போகலாம்.

கிராஸ் கேபிள் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் எழும். கணினியும் ரவுட்டரும் 1-2 பின்களில் அனுப்பி 3-6 பின்களில் வாங்குபவை. பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச் இதற்கு நேர்மாறு. ஆகவே கணினியிலிருந்து ஸ்விட்சுக்கு நேர் கேபிள். கணினியிலிருந்து கணினிக்கு, ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு என்றால் ஒரு முனை ஏ, மறுமுனை பி என்று அடித்த கிராஸ் கேபிள். இது பழைய பாடம். இன்றைய கிகாபிட் போர்ட்டுகளில் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் இருக்கிறது, எந்தக் கேபிளைப் போட்டாலும் அதுவே திருப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் இந்த வசதி இருந்தாலும் போதும். இரண்டு பக்கமும் பழைய 10/100 கருவிகளாக இருந்தால்தான் கிராஸ் கேபிள் தேவைப்படும்: பழைய பில்லிங் இயந்திரம், தொழிற்கூடக் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய ஹப் போன்றவை. சில நிர்வகிக்கும் வகை ஸ்விட்சுகளில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமா, மாறி மாறித்தானா என்ற அமைப்பு) கையால் நிறுத்தி வைத்தால் இந்தத் தானியங்கி வசதியும் அணைந்துவிடும். நேற்று வரை ஓடிய இணைப்பு, செட்டிங்கை மாற்றியதும் செத்துப்போனால் அங்கே பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் திட்டம், ஆனால் 94-ஐத் தாண்டவில்லை

இவ்வளவு தெளிவாகப் பேசும் அறிகுறி வேறு கிடையாது. 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் தலைப்புச் செலவெல்லாம் (ஒவ்வொரு தரவுத் துண்டோடும், அதாவது பாக்கெட்டோடும், சேர்ந்து போகும் முகவரி விவரங்கள்) போகத் தரவுக்கு மிஞ்சுவது 94, 95 எம்பிபிஎஸ்தான். ஸ்பீட் டெஸ்ட் 60, 80, 70 என்று ஆடினால் காரணம் வைஃபையாக இருக்கலாம், வெளி இணைப்பாக இருக்கலாம். ஆடாமல் அசையாமல் 94-இல் ஒட்டிக்கொண்டு நின்றால், வழியில் எங்கோ ஒரு லிங்க் 100-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

காரணம் இதுதான். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 'எவ்வளவு வேகத்தில் பேசலாம்' என்ற ஆரம்பப் பேச்சுவார்த்தை 1-2, 3-6 ஜோடிகளில்தான் நடக்கும். அவை நன்றாக இருந்தால் இரண்டு கருவிகளும் "கிகாபிட்டே போகலாம்" என்று ஒப்புக்கொள்ளும். பிறகு நான்கு ஜோடியிலும் முயலும்போது நீலமோ பழுப்போ அறுந்திருந்தால் தோற்கும். சில முறை முயன்றுவிட்டுப் பல சிப்கள் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் இப்படிப்பட்ட கேபிளைச் செருகினால் லைட் உடனே எரியாமல் சில நொடிகள் தடுமாறிவிட்டு எரிகிறது. இறங்கிக்கொள்ளத் தெரியாத சிப் என்றால் லைட் எரிவதும் அணைவதுமாகவே இருக்கும். வேகத்தைக் கையால் 100 என்று வைத்தால் லிங்க் வந்துவிடும். வந்தால் 4, 5, 7, 8-இல்தான் பழுது.

ஓஎன்டியிலிருந்து (வெளி ஃபைபர் வந்து சேரும் பெட்டி) கணினி வரை ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். கேபிளைத் தொடுவதற்கு முன் போர்ட்டுகளைப் பாருங்கள். டூயல் பேண்ட் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தும் பின்னால் 10/100 போர்ட் மட்டும் வைத்த ரவுட்டர்கள் நிறைய விற்கின்றன. சில ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. அந்த ஒன்றைப் பெரும்பாலும் ஜிஇ என்று குறித்திருப்பார்கள், அல்லது மஞ்சள் நிறத்தில் வைத்திருப்பார்கள். கேபிளை அந்தப் போர்ட்டுக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

போர்ட்டுகள் சரியென்றால் பேட்ச் கார்டின் கண்ணாடிப் பிளக்கைப் பாருங்கள். கருவியோடு இலவசமாக வரும் கேபிள்கள் சிலவற்றில் நான்கு கம்பிதான் இருக்கும், நடுவிலும் வலது ஓரத்திலும் ஓட்டை காலியாகத் தெரியும். அதைத் தூக்கிப் போடுங்கள். சுவருக்குள் போகும் கேபிளில், 'எட்டு வயர் இருக்கே, நாலு நெட்டுக்கு, நாலு போனுக்கு' என்று எப்போதோ யாரோ பிரித்திருப்பதும் உண்டு. ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எட்டும் இருந்து, டெஸ்டரில் ஒரு லைட் மட்டும் எரியாவிட்டால் இரு முனையையும் வெட்டி மறுபடி அடியுங்கள். முதலில் ஒரு முனை, சோதனை, பிறகு மறுமுனை என்று போனால் ஒரு பிளக் மிச்சமாகலாம். வெளியுறையை 3 செ.மீ. உரித்து, கம்பிகளை நேராக்கி வரிசைப்படுத்தி, நுனியை ஒரே வெட்டில் சமப்படுத்தி 13 மி.மீ. மட்டும் விட வேண்டும். வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து, பின்பக்க பிளாஸ்டிக் நாக்கு அதன்மேல் அழுந்த வேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் தெரிந்தால் அந்தக் கிரிம்ப் நீடிக்காது, ஒரு இழுப்பில் போய்விடும்.

டெஸ்டரில் எட்டும் எரிகிறது, ஆனாலும் நெட் திணறுகிறது

அனுபவம் உள்ளவர்களையும் சுற்றவிடும் கோளாறு இது. டெஸ்டர் 1 முதல் 8 வரை ஒழுங்காகக் காட்டும். லிங்க் வரும். ஆனால் பாக்கெட் காணாமல் போகும், வீடியோ கால் உடையும், கிகாபிட் நிற்காமல் 100-க்கு விழும், சில நேரம் 10-க்கே போகும். கேபிள் 2 மீட்டராக இருந்தால் ஓடியும் விடும், 30 மீட்டரில் படுத்துவிடும்.

பிளக்கில் வண்ணங்களைப் படியுங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கப்பட்டிருக்கிறதா? இரு முனையிலும் அப்படியே இருந்தால், கோளாறு அதுவேதான். டெஸ்டர் பார்ப்பது 'இந்த முனையின் 3, அந்த முனையின் 3-க்குப் போகிறதா' என்பதை மட்டும். போகிறது, ஆகவே பச்சை விளக்கு. ஆனால் 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் சேர்ந்து ஒரே சிக்னலைச் சுமப்பவை. இங்கே 3-இல் இருப்பது வெள்ளை-பச்சை, 6-இல் இருப்பது நீலம். கேபிளுக்குள் இவை இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படவில்லை, வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை. முறுக்கு இருந்தால்தான் இரண்டு கம்பியும் வெளி இரைச்சலைச் சமமாக வாங்கி, அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். முறுக்கு இல்லாத ஜோடி பக்கத்து ஜோடியின் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்கும்.

மருந்து ஒன்றே: இரு முனையையும் வெட்டி, நீல ஜோடியை நடுவில் 4-5-இல் வைத்து, பச்சை ஜோடியை அதன் இருபுறமும் 3-6-இல் பிரித்து மறுபடி அடிப்பது. ஒரு முனையை மட்டும் மாற்றினால் லிங்க்கே வராது.

வரிசை சரியாகவே இருந்து இதே அறிகுறி வந்தால், முறுக்கை எவ்வளவு தூரம் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்-5இ, கேட்-6 இரண்டிலும் 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. சுவர் ஜாக்குக்குள் கம்பி எளிதாக மடங்கட்டும் என்று 5, 6 செ.மீ. பிரித்து விட்டிருப்பார்கள். கேபிளை நீட்டுவதற்காக நடுவில் வெட்டி, கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றிய இடமும் இதே வேலையைச் செய்யும். நீட்ட வேண்டிய கட்டாயம் என்றால் கேட்-6 கப்ளர் (இரண்டு பிளக்கைச் சேர்க்கும் இணைப்பான்) போடுங்கள், அதுவும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணால் பிடிபடாதபோது பிழைக் கணக்கைப் பாருங்கள். எத்டூலில் புள்ளிவிவரங்களைக் கேட்டாலும் சரி, நிர்வகிக்கும் ஸ்விட்சின் போர்ட் பக்கத்தைத் திறந்தாலும் சரி, சிஆர்சி பிழை என்று, சிதைந்து வந்த பாக்கெட்டுகளைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்துக்கொண்டே பாருங்கள். ஆரோக்கியமான கேபிளில் அந்த எண் அசையவே அசையாது. கூடிக்கொண்டே போனால் மென்பொருளில் தேட வேண்டாம், கம்பியில் தேடுங்கள்.

பிங் அருமை, ஃபைல் மட்டும் நகராது

பிங்கில் (சிறு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வரும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) 1 மில்லி நொடி, ஒன்றும் தொலையவில்லை. ஆனால் 500 எம்பி ஃபைலை நகலெடுத்தால் நத்தை. இது கேபிளே இல்லை. ஒரு பக்கம் '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் வைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடிக்கும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் பேசும்போதே மற்றவர் பேசி மோதிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் ஆட்டோவில் வைத்துவிடுங்கள்.

எல்லா லைட்டும் வெறிபிடித்தது போல மின்னுகிறது, மொத்த அலுவலகமும் படுத்துவிட்டது

மேசைக்கடியில் தனியாகக் கிடந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் ஸ்விட்சில் செருகியிருப்பார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில் இருக்கும். ஒரு பாக்கெட் சுற்றிச்சுற்றி வந்து பெருகி நெட்வொர்க்கையே அடைத்துவிடும். கடைசியாகச் செருகிய கேபிளை உருவுங்கள். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக உருவி, எதை எடுத்ததும் மின்னல் அடங்குகிறது என்று பாருங்கள்.

பகலில் ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து வருகிறது

கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றிவிட்டு, புதிதும் அப்படியே செய்ய, டிவிஆர், என்விஆர் என்று பதிவுப் பெட்டிகள் வரை சந்தேகம் நீண்டுகொண்டே போகும். இருட்டியதும் கேமரா அகச்சிவப்பு எல்இடிகளை எரியவிடும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அந்தக் கூடுதல் இழுப்பைத் தாங்காத கேபிளில் வோல்டேஜ் விழும். கேமரா அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லை, வோல்டேஜ் ஏறும், கேமரா எழும், எல்இடி எரியும், மறுபடி விழும். விடியும் வரை இதே கூத்து.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். சிக்கனத்துக்காக 12 வோல்ட்டை 4-5, 7-8 ஜோடிகளில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு ஒன்று பரவலாக இருக்கிறது. 40 மீட்டர் தூரம், 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண், கூடினால் கம்பி மெல்லியது) செம்புக் கம்பி என்றால் போக வர மின்தடை சுமார் 3.4 ஓம். இரவில் 6 வாட் கேட்கும் கேமராவுக்குப் போய்ச் சேருவது கிட்டத்தட்ட 10 வோல்ட். தப்பித்துக்கொள்ளும். அதே அளவில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி என்றால் தடை 5.2 ஓம் ஆகும், கேமராவுக்குக் கிடைப்பது 8 வோல்ட் சொச்சம். பல கேமராக்களின் விவரத்தாளில் 12 வோல்ட், கூட்டல் கழித்தல் 25 சதவீதம் என்றிருக்கும். அதாவது 9-க்குக் கீழே போகக் கூடாது. வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டை எடுக்கக் கேமரா இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், அது இன்னும் வோல்டேஜைத் தின்னும்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில், அதாவது முறையான பிஓஇ (நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும்) ஸ்விட்ச் வழியாக அனுப்பினால் ஓடுவது 0.13 ஆம்பியருக்கும் குறைவு. அரை வோல்ட் இழப்பு ஒரு பொருட்டே இல்லை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது, 2009-இன் 802.3ஏடி 30 வாட் தருகிறது. சுழலும் கேமராவுக்கு இரண்டாவது வேண்டும். ஸ்விட்சின் மொத்த வாட் அளவையும் பாருங்கள். எட்டு போர்ட் ஸ்விட்ச் எட்டிலும் 30 வாட் தரும் என்று எழுதாமல் எழுதியிருக்கும், அடியில் மொத்தம் 65 வாட் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

அலுமினியக் கேபிளா என்று கண்டுபிடிக்கக் கத்தி போதும். ஒரு கம்பியைச் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் வந்தால் அலுமினியம். மேலே வெள்ளி, உள்ளே செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம். அலுமினியம் நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினாலே முறியும்.

ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்ட கேபிளுக்கு மல்டிமீட்டர். இரண்டு முனையையும் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள், பிஓஇ ஓடும்போது மீட்டரை வைக்காதீர்கள். ஒரு முனையில் ஆரஞ்சையும் வெள்ளை-ஆரஞ்சையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் அந்த இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். மீட்டரின் இரு முனையையும் ஒட்டினால் காட்டும் தடையை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். 24 கேஜ் செம்பில் 100 மீட்டருக்கு 17 ஓம் வரும், 19-ஐத் தாண்டக் கூடாது. 23 கேஜ் கேட்-6 என்றால் 13, 14-இல் நிற்கும். 25, 26 என்று வந்தால் ஒன்று அலுமினியம், இல்லை கம்பி மெலிந்தது. 305 மீட்டர் பெட்டி வாங்கும்போதே கடையில் இதைச் செய்யலாம், பெட்டிக்குள் இருக்கும் முனையை வெளியே எடுக்க முடிந்தால் போதும். 24 கேஜ் நல்ல செம்புக்கு 51 ஓம் பக்கத்தில் காட்டும். 80-ஐ நெருங்கினால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நீளத்தை ஊகிக்க வேண்டாம், உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும், இரு முனை எண்களையும் கழித்தால் போதும்.

தூரம் 100 மீட்டரைத் தாண்டுகிறது என்றால் சில பிஓஇ ஸ்விட்சுகளில் 'எக்ஸ்டெண்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. போட்டால் 250 மீட்டர் வரை போகும், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாக இறங்கும். ஒரு கேமராவுக்கு அது போதும். அதே கேபிளின் நுனியில் இன்னொரு ஸ்விட்ச் வைத்து நாலு கேமரா ஏற்றினால் திரை உறையும். அந்தப் பொத்தான் தவறுதலாகப் போடப்பட்டிருந்து, பக்கத்தில் இருக்கும் கணினி 10 எம்பிபிஎஸ்ஸில் தவழ்வதும் நடக்கிறது.

விட்டு விட்டுத் துண்டிக்கிறது

பிளக்கின் கிளிப் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குக் காகிதத்தை மடித்துச் சொருகுவது ஒரு வாரத் தீர்வு. கிளிப் நன்றாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் அருகில் கேபிளை மெல்ல ஆட்டுங்கள். லிங்க் போய் வந்தால் கிரிம்ப் கோளாறு. திட ஒற்றைக் கம்பிக்கும் பல இழைக் கம்பிக்கும் பிளக்கின் பற்கள் வேறு. இழைக் கம்பிக்கான பிளக்கைத் திடக் கம்பியில் அடித்தால் முதல் நாள் ஓடும், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டபின் தொடர்பு நழுவும். கேட்-6 கம்பி தடிமன் கூடியது, கேட்-5இ பிளக்கின் துளைக்குள் முழுதாகப் போகாது. வாங்கும்போது கேபிளுக்கேற்ற பிளக்காகக் கேட்டு வாங்குங்கள்.

திடக் கம்பி சுவருக்குள் போக, இழைக் கம்பி மேசைமேல் அசைய. இதை மாற்றிப் போட்டதும் ஒரு காரணம். திடக் கம்பியில் அடித்த கேபிளை லேப்டாப்பில் தினமும் செருகி உருவினால் சில மாதத்தில் உள்ளே முறியும். ஒரு லிங்க்கில் 90 மீட்டர் திடக் கம்பி, இரு முனைப் பேட்ச் கார்டும் சேர்த்து 10 மீட்டர் என்பதுதான் 100 மீட்டர் கணக்கு.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் போகிறதென்றால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, பழைய சோக் டியூப்லைட். 230 வோல்ட் வயர் போகும் அதே பைப்பில் நெட் கேபிளையும் இழுத்திருப்பார்கள். இரைச்சலை விடுங்கள், இன்சுலேஷன் உரசிப் போனால் உயிருக்கே ஆபத்து. தனிப் பைப் போடுங்கள். இணையாகப் போக நேர்ந்தால் ஒரு முழம் இடைவெளி, குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாக. ஷீல்டு கேபிள் (கம்பிகளைச் சுற்றி உலோகத் தாள் உள்ளது) வாங்கினால் தீருமா என்றால், பிளக்கும் ஜாக்கும் உலோக உறை கொண்டவையாக இருந்து, சரியான எர்த்தும் இருந்தால் தீரும். பிளாஸ்டிக் பிளக் அடித்த ஷீல்டு கேபிளால் காசுதான் வீண்.

கம்பியில் குறையே இல்லாமல், சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் லிங்க் விழுந்து எழுந்தால் நெட்வொர்க் அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' அல்லது 'கிரீன் ஈதர்நெட்' என்பதை அணைத்துப் பாருங்கள். பொருந்தாத இரண்டு சிப்கள் இதில் முட்டிக்கொள்வதுண்டு.

2.5 கிகா, 10 கிகா போர்ட் இருந்தும் அந்த வேகம் எடுக்கவில்லை

இங்கேதான் உறையில் உள்ள எண்ணுக்கு உண்மையான வேலை. கேட்-5இ 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் தாங்கும். 2016-இன் 802.3பிஇசட் தரமே ஏற்கெனவே போட்ட கேபிளில் ஓட வேண்டும் என்றுதான் எழுதப்பட்டது. கேட்-6 அதே தூரத்தில் 5 கிகாபிட் தாங்கும், 10 கிகாபிட் என்றால் 55 மீட்டர் வரை, அதுவும் பக்கத்தில் கேபிள்கள் கட்டுக்கட்டாக நெருங்காமல் இருந்தால். 100 மீட்டருக்கு 10 கிகாபிட் வேண்டுமென்றால் கேட்-6ஏ. கேட்-8 தரவு மையத்துக்கானது, 30 மீட்டர்தான் அதன் எல்லை, வீட்டில் அதற்குத் தகுந்த கருவியே இல்லை. கேட்-7 தனக்கென வேறு பிளக் வைத்துக்கொண்டு வந்தது. ஆர்ஜே-45 மாட்டி விற்கும் 'கேட்-7' கேபிளிடம் கேட்-6ஏ-வுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பெயரில் வரும் மெல்லிய தட்டைக் கேபிள்களில் கம்பி தலைமுடி போலிருக்கும். கதவிடுக்கில் 3 மீட்டர் ஓட்ட ஆகும், 30 மீட்டரில் பிஓஇ ஏற்ற ஆகாது.

புதிதாக வயரிங் செய்பவர்கள் முழுச் செம்பு கேட்-6, 23 கேஜ், திடக் கம்பி என்று கேட்டு வாங்கினால் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் அதற்கு மேல் தேவையில்லை. மிச்சக் காசில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் இழுங்கள்.

மழைக்குப் பின் இணைப்பு கெட்டது, அல்லது இடிக்குப் பின் போர்ட் செத்தது

வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளை மொட்டைமாடியில் ஓட்டினால் வெயிலில் உறை வெடிக்கும், மழையில் நீர் இறங்கும். கேபிள் வழியாகவே நீர் வழிந்து பிளக் வரை வந்து பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும். துடைத்தால் இரண்டு நாள் ஓடும். வெளியே கறுப்புப் பாலிஎத்திலீன் உறை கொண்ட, உள்ளே ஜெல் நிரப்பிய கேபிள்தான் வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கேபிளைக் கீழே வளைத்து ஒரு தொங்கல் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி இடித்த மறுநாள் ஒரு போர்ட் மட்டும் லைட் காட்டாமல், பக்கத்துப் போர்ட் நன்றாக ஓடினால் அந்தப் போர்ட் போய்விட்டது. அதில் எந்தக் கேபிளைப் போட்டும் பயனில்லை. அந்தக் கேபிள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. அருகே மின்னல் விழும்போது அந்த வித்தியாசம் செம்புக் கம்பி வழியாகத்தான் சமமாகும். மறுபடி செம்பே போட்டால் அடுத்த இடிக்கு அடுத்த போர்ட். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள். ஒற்றை இழை ஃபைபர் என்றால் கன்வெர்ட்டரை ஏ, பி என்று ஜோடியாக வாங்க வேண்டும். ஏ 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், பி அதற்கு நேர்மாறு. இரண்டும் ஏ-வாக வாங்கிவந்து மாட்டினால் லிங்க் வராது. ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதால், அந்தப் பக்கத்துக் கேமராவுக்குப் பிஓஇ ஸ்விட்ச் அந்தக் கட்டடத்திலேயே தனியாக வைக்க வேண்டியிருக்கும்.